ஞாயிறு மாத்திரையும் முறைக்காய்ச்சலும்: ஆபிரிக்காவிலிருந்து லயத்துக்குத் திரும்பிய ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

உளவள ஆலோசகரான என்னிடம் முதலில் வந்தது அவருடைய மனைவிதான். பெப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கொழுந்து பறிக்கும் தாய்மாரின் குழந்தைகளைத் தான் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு ஹட்டன் பஸ் பிடித்து வந்திருந்தார். உட்கார்ந்ததும் அவர் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "மிஸ், போனவர் ஒருவர், வந்திருப்பவர் வேறொருவர்."

வெளிநாடு போய்த் திரும்பியவர்களின் வீடுகளில் இதே பேச்சைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது பழகியிருந்ததால், அன்று அதைச் சரியாகக் கேட்கவில்லை. அந்தத் தவறு எப்படி நடந்தது என்பதும் இந்த ஆய்வின் ஒரு பகுதி.

அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவர் இரண்டு இடங்களில் திருத்தினார். இரண்டும் இயந்திரங்களைப் பற்றியவை. தோட்டத்தில் எல்லோரும் அவரைப் பிட்டர், அதாவது இயந்திரம் பூட்டுபவர், என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

பின்னணி

பிட்டருக்கு வயது 36. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறிப்பவர், இன்னும் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பிரிப்புக்கு, போகிறார். அப்பா இல்லை. உயர்தரம் முடித்தபின் தோட்டத் தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்து, உருட்டும் இயந்திரத்தையும் உலர்த்தியையும் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டார். பின்பு தேயிலை இயந்திரங்களை ஏற்றுமதி செய்யும் கொழும்பு நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. அந்த நிறுவனம்தான் அவரைப் பதினான்கு மாதங்கள் ஆபிரிக்காவுக்கு அனுப்பியது: கென்யாவின் கெரிச்சோ, உகண்டாவின் போர்ட் போர்ட்டல், கடைசியாக மலாவியின் முலாஞ்ஜே. மூன்றும் தேயிலை விளையும் ஊர்கள்.

மலையகத்தில் வெளிநாடு என்றால் பெரும்பாலும் வளைகுடாதான். அங்கிருந்து திரும்புகிறவர் என்ன கொண்டுவருவார், எத்தனை நாள் உறங்குவார், எப்போது கடன் கேட்கலாம் என்பதற்கெல்லாம் லயத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆபிரிக்காவிலிருந்து வந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் அனுதாபப்பட்டார்கள். மீதிப் பேர் அங்கே சிங்கம் பார்த்தாரா என்று கேட்டார்கள். ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் அந்தக் கேள்வியை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன் என்றார் பிட்டர். அவர் சிங்கம் பார்க்கவில்லை.

பார்த்தது எல்லாம் தேயிலை. கெரிச்சோ ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலைக் குளிரில் நுவரெலியாவே நினைவுக்கு வந்ததாம். அங்கே பெரும்பாலும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சீ.ரீ.சீ. முறை, நம்மிடம் பெரும்பாலும் இலையை உருட்டும் பழைய ஓர்த்தடொக்ஸ் முறை. "கென்யாவில் தேயிலை நட்டது 1903இல், எங்கள் லூல்கந்துரவில் 1867இல், அதனால் நான்தான் உங்களுக்கு மூத்தவன்" என்று தொழிற்சாலைப் பையன்களைக் கிண்டல் செய்வாராம். முலாஞ்ஜே வேறு மாதிரி. தோட்டங்கள் தாழ்வாக, வெக்கையில் கிடக்கின்றன. தலைக்கு மேலே 3,002 மீட்டர் மலை நிற்கிறது, நமது பீதுருதாலகாலையைவிட உயரம். இரவில் கொசு.

ஜனவரியில் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வீடு வந்து சேர்ந்தார். சிவனொளிபாதமலைப் பருவம். லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்தால் மலை உச்சி வரை விளக்குச் சரம் தெரியும். முதல் மூன்று இரவும் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மனைவி சொன்னார். ஆசையாகப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

மனைவி சொன்னவை

உள்ளே வந்து சாப்பிடுவதில்லை. தட்டை வெளியே கொண்டுபோகிறார். அம்மா பேசினால் தலையைக் குனிந்துகொள்கிறார். பிள்ளைகள் ஓடி வந்தால் தூக்குகிறார், உடனே இறக்கிவிடுகிறார். இரவில் அலறி எழுகிறார். கனவில் தண்ணீர், இருட்டு, யாரோ கதவைத் தட்டுவது. மாசி மாதக் காமன் கூத்தில் எட்டு வருடமாக வீரபத்திரன் வேடம் கட்டியவர், இந்த முறை திடலுக்கே போகவில்லை. வேடம் வேறொருவருக்குப் போனது. அது தோட்டத்தில் சிறிய விடயமல்ல. குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டினார்கள். கயிறு அப்படியே இருக்கிறது, அலறலும் அப்படியே இருக்கிறது என்றார் மனைவி.

நான் செய்த முதல் கணிப்பு

மார்ச் மாதத்தில் பிட்டரை மூன்று முறை சந்தித்தேன். மரியாதையாகப் பேசினார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். வேறு நோய் உண்டா என்றேன், இல்லை என்றார். ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்றேன், இல்லை என்றார். இரண்டும் அன்றைக்கு உண்மைதான்.

எங்கள் பயிற்சியில் ஒரு வளைகோடு சொல்லித்தருவார்கள். புதிய நாட்டுக்குப் போகிறவரின் மனநிலை முதலில் உயர்ந்து, பின்பு விழுந்து, மெல்ல எழும். ஊர் திரும்பியதும் அதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை நடக்கும். 1963இல் கல்லஹோர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதியர் முன்வைத்த கருத்து அது. ஆங்கிலத்து டபிள்யூ எழுத்தைப் போல இருப்பதால் அந்தப் பெயராலேயே சொல்லப்படுகிறது. நான் பிட்டரை அந்த எழுத்தின் இரண்டாவது பள்ளத்தில் உட்காரவைத்துவிட்டேன். இன்னும் சில வாரங்களில் ஏறிவிடுவார் என்று மனைவிக்குத் தைரியமும் சொன்னேன். வளைகோடு பார்க்க அழகாக இருக்கிறது. ஐந்து பேர் உறங்கும் ஒரு காம்பராவுக்குள் அதை யாரும் வரைந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் கனவுகள் தாமாகவே குறைந்தன. என் வேலைதான் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சல்

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பரசிட்டமோல் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் நன்றாக இருந்தார். மறுநாள் பிற்பகல் மீண்டும். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்கு என்று சந்தேகித்தார்கள், டெங்குப் பரிசோதனை இல்லை என்றது. எலிக்காய்ச்சலோ என்று இன்னொருவர் கேட்டார். எங்கே போயிருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் குறையை ஆஸ்பத்திரியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. அவர் எங்கே போயிருந்தார் என்று தெரிந்த ஒரே ஆலோசகர் நான், எனக்கும் உறைக்கவில்லை. புத்தாண்டு நேரத்து மனச்சுமை உடம்பில் இறங்கியிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

கண்டுபிடித்தவர் பாட்டி. பிட்டருடைய அம்மாவின் அம்மா, எண்பதைத் தாண்டியவர். மாத்தளையின் தாழ்வான தோட்டமொன்றில் வளர்ந்து, கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தவர். பேரன் ஒன்றுவிட்ட ஒரு நாள், ஏறத்தாழ அதே நேரத்தில், முதலில் பல் கிட்டி நடுங்கி, பின்பு கொதித்து, பின்பு பாய் நனைய வியர்த்து, எழுந்து சோறு கேட்பதை மூன்று முறை பார்த்தார். "இது முறைக்காய்ச்சல்" என்று சொன்னார். மலேரியாவைக் குறிக்கும் அந்தச் சொல்லை நான் பழைய ஏடுகளில்தான் பார்த்திருந்தேன்.

மனைவி எனக்குத் தொலைபேசியில் அழைத்துப் பாட்டி சொன்னதைச் சொன்னார். கூடவே, "ஞாயிறு மாத்திரை ஒழுங்காகப் போட்டாரே மிஸ், அப்புறம் எப்படி?" என்றார்.

ஞாயிறு மாத்திரை என்றால் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். அது மெஃப்ளோகுயின். ஆபிரிக்கா போகிறவர்களுக்கு மலேரியா வராமலிருக்க வாரம் ஒன்று போடும் மாத்திரை. ஒவ்வொரு ஞாயிறும் இங்கே இரவு எட்டரைக்கு, மலாவியில் மாலை ஐந்து மணிக்கு, மனைவி வாட்ஸ்அப்பில் அழைத்து, வீடியோவில் விழுங்க வைத்துத்தான் வைப்பாராம். திரும்பிய பிறகும் நான்கு வாரம் போடச் சொல்லியிருந்தார்கள், போட்டிருக்கிறார். பெப்ரவரி நடுவில் முடிந்தது. நான் மருந்து பற்றிக் கேட்டது மார்ச்சில்.

இரண்டு விடயங்கள் அப்போது ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தன. முதலாவது, கனவுகள். மெஃப்ளோகுயின் சிலருக்குக் கொடுங்கனவையும் பதற்றத்தையும் தரக்கூடியது; மருந்து உடம்பை விட்டு நீங்க வாரக்கணக்கில் ஆகும். அலறலுக்கு அது மட்டுமே காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் மாத்திரை நின்று ஆறு வாரத்தில் கனவு நின்றது, அதில் என் பங்கு எதுவுமில்லை. இரண்டாவது, காய்ச்சல். மலேரியாக் கிருமியில் பல இனங்கள் உண்டு. ஆபிரிக்காவில் அதிகம் உயிர்வாங்குவது பல்சிபாரம். ஓவாலே, வைவாக்ஸ் என்ற இரண்டும் ஈரலுக்குள் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழக்கூடியவை. இரத்தத்தில் இருப்பதைத்தான் ஞாயிறு மாத்திரை கொல்லும், ஈரலில் உறங்குவதை அது தொடாது. எனவே ஒரு ஞாயிறும் தவறாமல் போட்டவருக்கும், போடுவதை நிறுத்திய பிறகு காய்ச்சல் வரலாம்.

மறுநாள் காலை அவர்களோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபிரிக்கா என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் அந்த இளம் வைத்தியர் நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்த இரத்தப் பூச்சில் ஓவாலே தெரிந்தது.

நம் நாட்டில் மலேரியா என்றால் ஏன் எழுந்து நிற்கிறார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1934–35 கொள்ளை நோயில் பத்தாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்கள் என்ற அளவுக்குக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்த சில வருடங்களிலேயே, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லாததால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது வருவதெல்லாம் பயணிகளோடு வருவதுதான். கொசு இன்னும் இங்கே இருப்பதால் ஒவ்வொரு பயணியும் ஒரு தீப்பொறி. அதனால்தான் இரண்டு நாளில் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஆட்கள் லயத்துக்கு வந்து, வீட்டாரின் விரலில் இரத்தம் எடுத்து, பீலிக்கரையில் தேங்கிய தண்ணீரைக் கரண்டியால் அள்ளிப் பார்த்தார்கள். அவ்வளவு உயரத்தில் அந்தக் கொசு கிடைப்பது அரிது என்றாலும் பார்த்தார்கள். லயத்தார் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிட்டரோடு பேசினால் தொற்றும் என்று ஒரு பேச்சு கிளம்பி, பத்து நாள் ஓடியது. மனைவியைப் பிள்ளைக் காம்பராவுக்கு வரவேண்டாம் என்று இரண்டு தாய்மார் சொன்னார்கள். கொசு கடித்தால்தான் பரவும், தொட்டால் பரவாது என்று அந்த ஊழியர்களில் ஒருவரே பெரட்டுக் களத்தில் நின்று விளக்கிய பிறகுதான் அடங்கியது.

சிகிச்சை எளிது. இரத்தத்தில் இருப்பதற்கு மூன்று நாள் குளோரோகுயின். ஈரலில் உறங்குவதற்குப் பதினான்கு நாள் பிரிமாகுயின். ஜீ6பீடீ என்ற நொதி குறைந்தவர்களுக்குப் பிரிமாகுயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் முதலில் அதைப் பரிசோதித்தார்கள்; அவருக்குக் குறைவில்லை. மே நடுவில் காய்ச்சல் முழுதாகப் போயிருந்தது.

காய்ச்சல் போன பிறகு

எல்லாம் அதோடு தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வீட்டார் அப்படித்தான் நினைத்தார்கள். கோடாங்கிக் கயிற்றை அறுத்துப் பூவரச மரத்தில் போட்டார்கள். ஆனால் பிட்டர் இன்னும் தட்டை வெளியேதான் கொண்டுபோனார். அம்மா பேசினால் இன்னும் தலை குனிந்தார்.

நான் வளைகோட்டை மூடிவைத்துவிட்டு, ஜூன் மாதத்தில், அங்கே அவர் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று மட்டும் கேட்டேன். காலையில் யார் முதலில் பேசுவார்கள், எங்கே உட்காருவீர்கள், தேத்தண்ணீர் யார் தருவார்கள். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். கெரிச்சோவில் அவரை 'ஃபுண்டி' என்று கூப்பிடுவார்களாம். சுவாகிலியில் கைத்தொழில் தெரிந்தவர் என்று பொருள். நம் ஊர் 'பிட்டர்' அதேதான், ஆனால் அங்கே அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். மலாவியில் எந்த வேலையையும் நலம் விசாரிக்காமல் தொடங்க மாட்டார்கள். தொழிற்சாலை மேலாளரே காலையில் வந்து 'முலி ப்வாஞ்ஜி' என்று கேட்டு, பதிலுக்கு நின்று, அதன் பிறகுதான் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார். கொழும்பிலிருந்து வந்த நிபுணர் அவர்களுக்கு. மஸ்கெலியா லயம் அவர்களுக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய நான்காம் நாள் ஏதோ ஒரு கடிதத்துக்காகத் தோட்டக் காரியாலயத்துக்குப் போயிருக்கிறார். கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே நாற்பது நிமிடம் நிற்கவைத்தார்கள். அந்த ஜன்னலில் அவருடைய தாத்தா நின்றார், அம்மா நின்றார், அவரும் பதினெட்டு வயதில் நின்றிருக்கிறார். அப்போதெல்லாம் கால் வலித்ததில்லை என்றார்.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொரு கதை சொன்னார். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரிக்குப் போன அவருடைய தம்பி எழுதிய முதல் கடிதத்தில், இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள் அக்கா என்று இருந்ததாம். இங்கே இருந்தபோது கள்ளத்தோணி, களவாக வந்தவன் என்ற வசை. சொந்த ஊருக்குத் திரும்புவது என்ற பேச்சை நம்மவர்களிடம் எடுத்தால், அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. இந்த வழக்கில் அது இரண்டாவது முறை.

மரியாதை பழகிய உடம்பு பழைய ஜன்னலுக்குத் திரும்ப மறுக்கிறது. இதுதான் முடிச்சு என்று ஜூன் கடைசியில் எழுதினேன். இதுவும் பாதிதான். காரியாலயத்து எழுத்தரின் மீது கோபம் இருந்தால் எழுத்தரைப் பார்த்துத் தலை திருப்பலாம். அம்மாவைப் பார்த்து ஏன் குனிய வேண்டும்? அந்தக் கேள்வியை அவரிடமே வைத்தேன். பதில் வர இரண்டு அமர்வுகள் ஆயின.

முலாஞ்ஜேயில் ஒரு மதியம். தொழிற்சாலைக் காரியாலயத்தில் மேலாளரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் களியைப் போன்ற சோளமாவு நிசிமாவும் மீனும். வெளியே ஜன்னலுக்கு அப்பால் வயதான பெண் ஒருவர் நின்றார். கொழுந்து பறிப்பவர். கொழுந்து நிறுவையில் வெட்டிய, அதாவது கழித்துக்கொண்ட, எடையைக் கேட்க வந்தவர் என்று மேலாளர் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். பிட்டரும் தொடர்ந்தார். அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். இவர் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டார், ஜன்னல் தெரியாதபடி.

"அவர் விரல்களில் அதே கறை, மிஸ்" என்றார். அதற்கு மேல் அன்றைக்குப் பேசவில்லை.

கென்யாவில் 2023இல் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களைத் தொழிலாளர்கள் எரித்ததைப் பற்றி முன்பொரு நாள் சற்றுக் கிண்டலாகச் சொல்லியிருந்தார்; நான் பொருத்தியது தொழிற்சாலை இயந்திரம், அதை எரிக்க மாட்டார்கள் என்று. இப்போது அந்தக் கிண்டலைத் திரும்ப எடுத்து, அது தன் பேச்சே இல்லை, மேலாளரின் பேச்சு என்றார். நான் எதையும் சேர்க்கவில்லை.

இப்போதைய நிலை

ஜூலையில் பக்கத்துத் தனியார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்கும் குறைவு. நிறுவனம் மீண்டும் ஆபிரிக்கா போகச் சொல்கிறது. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. போனால் மெஃப்ளோகுயினுக்குப் பதிலாக வேறு மாத்திரை தரும்படி கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரத்தப் பூச்சு இதுவரை சுத்தம். ஒரு வருடம் வரை பார்ப்பார்கள். என் பக்கத்தில், புதிதாக வருகிற எவரிடமும் இப்போது நான் முதலில் கேட்பது கடந்த ஒரு வருடத்தில் எங்கெல்லாம் தங்கினீர்கள், என்னென்ன மருந்து போட்டு முடித்தீர்கள் என்பதுதான். 'எடுக்கிறீர்களா' என்று கேட்டால் போதாது.

செப்டெம்பரில் கடைசி அமர்வு. முந்தைய ஞாயிறு இரவு எட்டரைக்கு, பழைய மாத்திரை நேரத்தில், அம்மாவைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் உட்காரவைத்து முலாஞ்ஜேக் கதையை முழுதும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நாற்காலியைத் திருப்பியதையும் சொன்னாராம். அம்மா திட்டுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்திருந்தார். அம்மா கொஞ்ச நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கிழவிக்கு எத்தனை கிலோ வெட்டினார்கள்?" என்று கேட்டார்.

பிட்டருக்குத் தெரியவில்லை. "இங்கே சாக்குக்கு, தண்ணீருக்கு என்று மூன்று கிலோ வெட்டுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்ச் சோறு போட்டார். அன்று அவர் தட்டை வெளியே கொண்டுவரவில்லை.